முதல் பத்து நிமிடம்: சென்னையில் ஆம்புலன்ஸ் வேலைக்கு வருபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராகச் சேரும் பிள்ளைகள் முதல் வாரத்தில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "என்ன நோய்னு எப்படி சார் கண்டுபிடிக்கிறது?" நோயைக் கண்டுபிடிக்க டாக்டர் இருக்கிறார், ஸ்கேன் இருக்கிறது, லேப் இருக்கிறது. நம் கேள்வி வேறு. இந்த ஆளை அடுத்த பத்து நிமிடத்தில் எது கொல்லும்? அதை இங்கேயே, இப்போதே தடுக்க முடியுமா? இந்த இரண்டுக்கும் பதில் தேட ஒரு வரிசை இருக்கிறது. பதற்றம் வரும்போது மூளை மறந்துபோகும், பழகிய வரிசைதான் கை கொடுக்கும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையைப் பற்றியதுதான்.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008-ல் தொடங்கியது. ஒரு வண்டியில் இரண்டு பேர்: ஓட்டும் பைலட், பின்னால் நோயாளியோடு இருக்கும் மருத்துவ உதவியாளர். சந்தேகம் வந்தால் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் டாக்டரிடம் போனில் கேட்கலாம். ஆனால் போனை எடுக்கும் முன் செய்ய வேண்டியவை நிறைய உண்டு.

ஷிப்ட் தொடங்கும்போது

வண்டியை ஒப்புக்கொள்ளும்போது பட்டியலில் டிக் போட்டால் மட்டும் போதாது. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து இயக்கிப் பாருங்கள். வாயில் சேரும் சளி, ரத்தத்தை உறிஞ்சும் சக்ஷன் மெஷினை ஆன் செய்து குழாய் முனையை விரலால் அடைத்தால் இழுக்க வேண்டும். கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பையை அழுத்தி, அதன் வாயை உள்ளங்கையில் மூடி, கசிகிறதா என்று பாருங்கள். பெரியவர், குழந்தை, பச்சிளம் சிசு என்று மூன்று அளவு மாஸ்க்கும் இருக்க வேண்டும். ஏ.இ.டி. (நின்ற இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவி) பேட்டரி, அதை நெஞ்சில் ஒட்டும் பேட் காலாவதித் தேதி, சுகர் ஸ்ட்ரிப், பிரசவ கிட் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்து.

ஆக்சிஜன் கணக்கு பலருக்கு வராது. அது எளிதுதான்: சிலிண்டரின் நீர்க் கொள்ளளவை மீட்டர் காட்டும் அழுத்தத்தால் (பார் கணக்கில்) பெருக்கினால் எத்தனை லிட்டர் வாயு மிச்சம் என்று கிடைக்கும். 10 லிட்டர் கொள்ளளவுள்ள பி டைப் சிலிண்டரில் மீட்டர் 150 காட்டினால் 1500 லிட்டர். அதே சிலிண்டர் 50 காட்டினால் 500 லிட்டர்தான். நிமிடத்துக்கு 15 லிட்டர் போனால் அது அரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். சாயங்கால நெரிசலில் எண்ணூரிலிருந்து சென்ட்ரல் வர அது போதுமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இடத்தில் இறங்கியதும்

முதலில் உங்கள் உயிர். ஜி.எஸ்.டி. சாலையிலோ பூந்தமல்லி நெடுஞ்சாலையிலோ விபத்து என்றால், பின்னால் வரும் வண்டிகளிடமிருந்து உங்களை மறைக்கிற மாதிரி பைலட் ஆம்புலன்ஸை நிறுத்த வேண்டும். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் ஒருவர் கிடந்தால் மின்கசிவு இல்லை என்று உறுதியாகும் வரை கால் வைக்காதீர்கள். கழிவுநீர்த் தொட்டியில் ஒருவர் மயங்கிக் கிடந்தால் ஒருபோதும் உள்ளே இறங்காதீர்கள். காப்பாற்ற இறங்கியவர்கள் வரிசையாகச் செத்த செய்திகளை நாம் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். தீயணைப்புத் துறை மூச்சுக் கருவியோடு வரட்டும்.

அடுத்து கூட்டம். சென்னை மக்கள் ஓடி வந்து உதவுகிறவர்கள், அதை மதியுங்கள். ஆனால் அந்த உதவியில் இரண்டு ஆபத்து உண்டு. ஒன்று, நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றுவது. அது நேராக நுரையீரலுக்குப் போகும். இன்னொன்று, அடிபட்டவரைக் கை கால் பிடித்துத் தூக்கி ஷேர் ஆட்டோவில் மடக்கிப் போடுவது. கத்தாமல் வேலை கொடுங்கள்: "அண்ணே, நீங்க டிராஃபிக்க பாத்துக்கங்க. தம்பி, டார்ச் பிடி. அக்கா, அவரோட போனை எடுத்து வீட்டுக்குச் சொல்லுங்க." வேலை கிடைத்ததும் கூட்டம் ஒழுங்காகிவிடும். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயப்படுகிறவர்களிடம் சொல்லுங்கள்: மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்குப் பாதுகாப்பு தருகிறது.

வியாசர்பாடி, புளியந்தோப்பு சந்துகளுக்குள் வண்டி போகாது. லிஃப்ட் இல்லாத ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மூன்றாவது மாடி என்றால் ஸ்ட்ரெச்சர் படிக்கட்டில் திரும்பாது. அழைத்தவரிடம் போனிலேயே கேளுங்கள்: எந்த மாடி, வண்டி எதுவரை வரும், தூக்க ஆள் இருக்கிறார்களா. ஏறும்போதே பை, ஆக்சிஜன், ஏ.இ.டி. மூன்றும் கையில் இருக்கட்டும். மேலே போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஒருநாளும் நினைக்காதீர்கள்.

முதல் பார்வை: ஒரு நிமிடம்

வரிசை இதுதான். பீறிடும் ரத்தம், மூச்சுவழி, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு. ஒன்றில் கோளாறு கண்டால் அதைச் சரிசெய்யாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது.

பீறிடும் ரத்தம்: கண்ணாடியோ தகரமோ வெட்டிய காயத்தின் மேல் பஞ்சை அடுக்கடுக்காக வைத்துக் கட்டுகிறார்கள். பஞ்சு ரத்தத்தை உறிஞ்சுமே தவிர நிறுத்தாது. ரத்தம் வரும் புள்ளியைக் கண்டுபிடித்து, மடித்த காஸால் உடல் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். ஆழமான காயமென்றால் காஸை உள்ளே திணித்து அழுத்துங்கள். கை காலில் அதற்கும் நிற்கவில்லை என்றால் டூர்னிக்கே, அதாவது முறுக்கி இறுக்கும் பட்டை. காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மேல் படாமல், ரத்தம் நிற்கும் வரை முறுக்க வேண்டும். வலிக்கும், கத்துவார், தளர்த்தாதீர்கள். கட்டிய நேரத்தை அதன் மேலேயே எழுதுங்கள்.

மூச்சுவழி: பேசுகிறார் என்றால் வழி திறந்திருக்கிறது. குறட்டை மாதிரி சத்தம் வந்தால் நாக்கு அடைக்கிறது. கொரகொரவென்றால் சளி, ரத்தம், வாந்தி. நெற்றியைச் சாய்த்துத் தாடையைத் தூக்குங்கள். கழுத்தில் அடிபட்டிருக்கலாம் என்றால் தலையைச் சாய்க்காமல் தாடை மூட்டை மட்டும் முன்னால் தள்ளுங்கள். சக்ஷன் குழாயை உள்ளே விடும்போது இழுக்கக் கூடாது, வெளியே எடுக்கும்போதுதான். ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் வேண்டாம். வாய்வழிக் குழாயின் அளவு உதட்டோரத்திலிருந்து காது மடல் வரை. போடும்போது ஓங்கரித்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

மூச்சு: சட்டையைத் திறந்து மார்பைப் பாருங்கள். இரண்டு பக்கமும் சமமாக ஏறுகிறதா? பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 10-க்குக் கீழோ 30-க்கு மேலோ போனால் ஆபத்து. சேச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம்) 94-க்கு மேல் இருந்தால் எல்லோருக்கும் ஆக்சிஜன் மாட்ட வேண்டியதில்லை. குறைந்தால் மூக்குக் குழாயில் 1 முதல் 6 லிட்டர், ரிசர்வாயர் பையுள்ள மாஸ்க்கில் 10 முதல் 15 லிட்டர். பல வருஷம் பீடி, சிகரெட் பிடித்து நாள்பட்ட மூச்சிரைப்பு வந்தவருக்கு 88 முதல் 92 வரை போதும்.

ஆம்பு பையைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பதற்றத்தில் எல்லோரும் வேகமாகவும் பலமாகவும் அழுத்துகிறார்கள். காற்று வயிற்றுக்குப் போய் வாந்தி வருகிறது, நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. பெரியவருக்கு 6 விநாடிக்கு ஒரு மூச்சு, மார்பு லேசாக ஏறும் அளவு போதும். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் இரண்டு கையாலும் மாஸ்க்கை முகத்தில் பொருத்தட்டும், மற்றவர் பையை அழுத்தட்டும். ஒற்றைக் கையால் கசியாமல் பிடிக்க நிறையப் பழக்கம் வேண்டும்.

ரத்த ஓட்டம்: மணிக்கட்டில் பல்ஸ், தோலின் நிறம், குளிர்ச்சி. நகத்தை அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். பி.பி. இறங்கும் வரை காத்திருக்காதீர்கள். இளவயதினருக்கு நிறைய ரத்தம் போன பிறகும் பி.பி. நன்றாகவே காட்டும். வேகமான பல்ஸ், ஜில்லென்ற வேர்வை, நிலைகொள்ளாத பார்வை இவைதான் முதலில் வரும்.

நினைவு: விழிப்பாக இருக்கிறாரா, கூப்பிட்டால் திரும்புகிறாரா, வலி கொடுத்தால் அசைகிறாரா, எதற்கும் இல்லையா. நினைவு மங்கிய எவருக்கும் சுகர் பார்க்க வேண்டும், விதிவிலக்கே கிடையாது. டாஸ்மாக் பக்கத்தில் கிடப்பவரைக் "குடிச்சுட்டுக் கிடக்கான் சார்" என்று கூட்டம் சொல்லும். வாடை அடிக்கவும் செய்யும். அவருக்கே சுகர் 40-ல் இருக்கலாம், பின்மண்டையில் அடிபட்டிருக்கலாம். தலையைத் தடவிப் பாருங்கள், விரலில் குத்திப் பாருங்கள்.

நெஞ்சு அழுத்தம்

தட்டிக் கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சில்லை என்றால் 10 விநாடிக்குள் முடிவெடுத்துத் தொடங்குங்கள். வீட்டார் "மூச்சு இருக்கு சார், இழுக்குது பாருங்க" என்பார்கள். மீன் வாய் திறப்பதுபோல எப்போதாவது ஒரு இழுப்பு வந்தால் அது மூச்சு கிடையாது. இதயம் நின்றபின் சில நிமிடம் வரும் இழுப்பு அது.

கட்டிலிலோ மெத்தையிலோ செய்யாதீர்கள், தரையில் இறக்குங்கள். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதி, முழங்கை மடங்காமல். ஆழம் 5 முதல் 6 செ.மீ., நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக எழும்ப விடுங்கள். 30 அழுத்தம், 2 மூச்சு. 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், களைப்பு தெரியும் முன்பே ஆழம் குறைந்துவிடும். குழந்தைகளுக்கு மார்பின் மூன்றில் ஒரு பங்கு ஆழம், இரண்டு பேர் இருந்தால் 15-க்கு 2.

ஏ.இ.டி. வந்ததும் ஒட்டுங்கள்: ஒன்று வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில். நம் ஊர் வேர்வையில் பேட் ஒட்டாது, முதலில் துணியால் நெஞ்சைத் துடையுங்கள். மெரினாவில் கடலிலிருந்து இழுத்துப் போட்டவர் என்றால் இன்னொரு விஷயம்: அவர் இதயம் நின்றது ஆக்சிஜன் இல்லாமல். அதனால் முதலில் மூச்சு கொடுத்துவிட்டு அழுத்தத்தைத் தொடங்குங்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றும் வேலை வேண்டாம்.

கேள்வி கேட்கும் விதம்

உயிராபத்து அடங்கியபின் வரலாறு. என்ன தொந்தரவு, எந்த மருந்துக்கு ஒவ்வாமை, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், பழைய நோய் என்ன, கடைசியாக எப்போது சாப்பிட்டார், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார். மாத்திரை அட்டையையும் பழைய ஃபைலையும் கையோடு எடுத்து வரச் சொல்லுங்கள்.

ஸ்ட்ரோக்கில் கேள்வியின் வடிவமே பலனை மாற்றும். "எப்போதிலிருந்து இப்படி?" என்று கேட்டால் "இப்பதான் சார், காலைல எந்திரிச்சதும்" என்பார்கள். அதில் பயனில்லை. இப்படிக் கேளுங்கள்: "அம்மா, ஐயா கடைசியா நல்லா பேசி, நல்லா நடந்ததை யாரு பாத்தீங்க? அப்போ மணி என்ன?" மருமகள் உள்ளேயிருந்து சொல்வார்: "அஞ்சு மணிக்கு எந்திரிச்சு பால் பாக்கெட் எடுத்து வெச்சாரு. நான் பாத்தேன்." அந்த ஐந்து மணிதான் ஆஸ்பத்திரிக்கு வேண்டும். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரம்தான் வழக்கமான கெடு. எழுதுங்கள், அந்த மருமகளையே வண்டியில் ஏற்றுங்கள்.

கட்டட வேலை நடக்கும் ஓ.எம்.ஆர். பக்கம் போனால் நோயாளி இந்தியோ ஒடியாவோ பேசுவார். வலி எங்கே, எப்போது, மூச்சு முட்டுகிறதா என்று நாலைந்து கேள்வியை இந்தியிலும் தெலுங்கிலும் கற்றுவைத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி வரும் அழைப்புகள்

*பைக் விபத்து.* ஹெல்மெட்டை எப்போதும் கழற்ற வேண்டுமா? மூச்சுவழியை அணுக முடியவில்லை என்றால் கழற்றியே ஆக வேண்டும். ஒருவர் கீழிருந்து தாடையையும் பின்கழுத்தையும் தாங்கிப் பிடிக்க, மற்றவர் பட்டையை அவிழ்த்து, ஓரங்களை வெளிப்பக்கம் விரித்து, மூக்கில் இடிக்காமல் மெல்லச் சாய்த்து உருவ வேண்டும். ஹெல்மெட் வந்ததும் தலை தொப்பென விழும், தாங்கியிருப்பவர் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். இடுப்பெலும்பு உடைந்ததாகத் தோன்றினால் ஆட்டிப் பார்க்காதீர்கள். தொடையெலும்பு புடைத்திருக்கும் மட்டத்தில் வேட்டியோ சேலையோ சுற்றி இறுக்கிக் கட்டினாலே உள்ளே கசியும் ரத்தம் குறையும். கட்டு அதைவிட மேலே, வயிற்றருகே போனால் பயனில்லை. மோசமான விபத்தில் சம்பவ இடத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள், மிச்சத்தை ஓடும் வண்டியில் செய்யலாம்.

*நெஞ்சுவலி.* "கேஸ் ட்ரபிள்தான் சார், ஓமவாட்டர் குடிச்சேன்" என்பார்கள். நாற்பது தாண்டியவர், சுகர்காரர் என்றால் அதை நம்பாதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வேர்வை, களைப்பு, மூச்சு வாங்கல் மட்டும் வரலாம். நடக்க விடாதீர்கள், இரண்டு படிகூட. ஈ.சி.ஜி. வசதி இருந்தால் எடுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமை, வயிற்றில் ரத்தக்கசிவு இல்லை என்றால் டாக்டர் சொன்னபடி 300 மி.கி. அளவில் மென்று விழுங்கச் செய்யலாம்.

*சுகர் இறங்குதல்.* 70-க்குக் கீழ் இருந்து, விழுங்க முடிகிறது என்றால் சர்க்கரைத் தண்ணீர். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் கூடாது, டாக்டர் சொல்லும் டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) ரத்தநாளம் வழியாக.

*வலிப்பு.* கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். அன்போடு வாங்கி வைத்துவிட்டு ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நேரம் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் மருந்து தேவை. பல்லுக்கிடையில் ஸ்பூன் கூடாது.

*வெயில்.* அக்னி நட்சத்திர நாட்களில் குழப்பமான பேச்சும் 40 டிகிரிக்கு மேல் உடல் சூடும் இருந்தால் அது ஹீட் ஸ்ட்ரோக். உழைத்துக்கொண்டே விழுந்தவருக்கு வேர்வை இருக்கும், வேர்வை இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். இங்கே கிளம்புவதற்கு முன் குளிர்விப்பதுதான் முதல் வேலை: உடையைத் தளர்த்தித் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்.

*தீக்காயம்.* பேஸ்ட், இங்க், மஞ்சள் எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீர் 20 நிமிடம். மோதிரம், வளையல், மெட்டி வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். மூக்குமுடி கருகி, குரல் கம்மியிருந்தால் மூச்சுவழி வீங்கப்போகிறது, உடனே கிளம்புங்கள்.

*பாம்புக்கடி.* புறநகர் ஏரிக்கரையெல்லாம் இப்போது குடியிருப்பு, மழை பெய்தால் அழைப்பு வரும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான், எனவே பாம்பைத் தேடி நேரம் போக்க வேண்டாம். அந்த மருந்துக்கான விஷத்தை வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது. கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள். எலும்பு முறிவுக்குப் போல அசையாமல் கட்டை வைத்துக் கட்டுங்கள். கட்டுவிரியன் ராத்திரி தூக்கத்தில் கடிக்கும், வலியே தெரியாது. விடிகாலையில் வயிற்று வலி, இமை தூக்க முடியவில்லை என்று தரையில் படுத்தவர் சொன்னால் பாம்பை நினையுங்கள். இமை சரிவது மூச்சு நிற்பதற்கான முன்னறிவிப்பு, ஆம்பு பையைக் கையில் எடுத்து வையுங்கள்.

*விஷம்.* வாந்தி எடுக்க வைக்காதீர்கள். டப்பாவைக் கொண்டுவாருங்கள். பூச்சிமருந்து என்றால் கண்மணி புள்ளியாகச் சுருங்கி, எச்சில் வழியும். உங்கள் கையுறையை மறக்காமல், நனைந்த உடையைக் களைந்து கழுவுங்கள். "ஏன் இப்படிப் பண்ணுனீங்க" என்று கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பெயர் சொல்லிப் பேசுங்கள்.

வண்டியில் பிரசவம்

எழும்பூர் போய்ச் சேர்ந்துவிடலாமா, இங்கேயே நிறுத்தவா? "முக்கணும் போல இருக்கு", "பாத்ரூம் வருது" என்று தாய் சொன்னால், வலிக்கு நடுவே குழந்தையின் தலை தெரிந்தால், வண்டியை ஓரம் கட்டச் சொல்லுங்கள். அந்த நிலையில் கழிப்பறைக்கு அனுப்பவே கூடாது.

உறவுக்காரப் பெண் ஒருவரைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தலை சட்டென்று பிதுங்காமல் உள்ளங்கையால் மென்மையாகத் தாங்குங்கள், இழுக்காதீர்கள். தலை வந்ததும் கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறதா என்று விரலால் பாருங்கள், இருந்தால் தலைக்கு மேலே நழுவ விடுங்கள். தோள் வந்ததும் குழந்தை வழுக்கிக்கொண்டு வரும், துண்டோடு ஏந்துங்கள். நேரத்தை உரக்கச் சொல்லுங்கள், பைலட் எழுதட்டும்.

முதல் வேலை துடைப்பது. ஏசியை நிறுத்துங்கள். ஈரத்துண்டை மாற்றி, தாயின் மார்பில் தோலோடு தோலாகப் படுக்க வைத்து மூடுங்கள். அழவில்லை என்றால் முதுகைத் தேயுங்கள். ஒரு நிமிடத்துக்குள் மூச்சு வரவில்லை என்றால் சின்ன ஆம்பு பையால் நிமிடத்துக்கு 40 முதல் 60 வரை மூச்சு கொடுங்கள். பச்சிளம் குழந்தைக்கு வேண்டியது பெரும்பாலும் காற்றுதான். குழந்தை அழுகிறது என்றால் கொடியை வெட்ட அவசரமில்லை, ஒரு நிமிடமாவது பொறுத்து இரண்டு கிளாம்ப் போட்டு நடுவில் வெட்டுங்கள். நஞ்சுக்கொடியைப் பிடித்து இழுக்காதீர்கள். அது தானாக வந்தபின் தொப்புளுக்குக் கீழே கர்ப்பப்பையைத் தேய்த்தால் கெட்டிப்பட வேண்டும். தளர்ந்தே இருந்து ரத்தம் கொட்டினால் டாக்டரிடம் பேசி ஆக்சிடோசின் (கர்ப்பப்பையைச் சுருக்கும் மருந்து), தேய்ப்பதை நிறுத்தாமல் பயணம்.

பலர் அடிபட்டிருந்தால்

சத்தம் போடுகிறவரிடம் முதலில் போகாதீர்கள், சத்தமில்லாதவர்தான் அபாயத்தில் இருப்பார். "நடக்க முடிஞ்சவங்க எல்லாரும் அந்த டீக்கடைகிட்ட போங்க" என்று சொல்லுங்கள், அவர்கள் பச்சைப் பட்டை, காத்திருக்கலாம். மற்றவர்களில் மூச்சு 30-க்கு மேல், அல்லது மணிக்கட்டில் பல்ஸ் இல்லை, அல்லது சொன்னதைச் செய்யவில்லை என்றால் சிவப்பு, முதலில் கிளம்ப வேண்டியவர். மிச்சம் மஞ்சள். மூச்சுவழியைத் திறந்தும் மூச்சில்லாதவர் கறுப்பு. ஒருவருக்கு அரை நிமிடம்தான். கறுப்புப் பட்டை கட்டிவிட்டு நகர்வது இந்த வேலையிலேயே கடினமான காரியம். அடுத்தவர் பிழைக்க வேண்டுமென்றால் நகரத்தான் வேண்டும்.

எங்கே, எப்படி ஒப்படைப்பது

பக்கத்து ஆஸ்பத்திரி எப்போதும் சரியான ஆஸ்பத்திரி ஆகாது. தீக்காயத்துக்குக் கீழ்ப்பாக்கம், குழந்தைக்கு எழும்பூர், பிரசவத்துக்கு எழும்பூரோ திருவல்லிக்கேணி கோஷாவோ, பெரிய விபத்துக்கு ராஜீவ் காந்தி ஜி.எச்., ஸ்டான்லி போன்ற இடங்கள். மூச்சுவழி கைக்குள் அடங்கவில்லை என்றால் மட்டும் எது பக்கமோ அங்கே. சாலை விபத்தில் வந்தவரின் குடும்பம் பணத்தை நினைத்துத் தயங்கினால் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தைச் சொல்லுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், தனியார் உட்பட, முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கொடுக்கிறது.

கேஷுவாலிட்டியில் டாக்டருக்கு அரை நிமிடம்தான் கிடைக்கும். இப்படிச் சொல்லிப் பழகுங்கள்: "ஆண், சுமார் 35. பைக் மோதல், ஹெல்மெட் இல்லை, சம்பவம் 7.10-க்கு. தலையில் வெட்டு, வலது தொடை முறிவு. பல்ஸ் 124, பி.பி. 90/60, மூச்சு 28, ஜி.சி.எஸ். 13, கிளம்பும்போது 15 இருந்தது. ஆக்சிஜன், இடுப்புக் கட்டு, ஒரு லைன் போட்டாச்சு." இதில் மிக முக்கியமான சேதி, நினைவை அளக்கும் ஜி.சி.எஸ். மதிப்பெண் 15 இருந்தது 13 ஆனதுதான். அதனால்தான் வழியில் மோசமானவரை 5 நிமிடத்துக்கு ஒருமுறை, நிலையானவரை 15 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்த்து எழுத வேண்டும்.

சேர விரும்புகிறவர்களுக்கு

நர்சிங் அல்லது உயிரியல் சார்ந்த படிப்பு முடித்தவர்களை 108 சேவை மருத்துவ உதவியாளராக எடுத்துப் பயிற்சி தருகிறது. பிளஸ் டூ முடித்தவர்கள் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் விபத்து, அவசர சிகிச்சைத் தொழில்நுட்ப பி.எஸ்சி. படிப்பைப் பார்க்கலாம். 12 மணி நேர ஷிப்ட், நிறையத் தூக்கும் வேலை, முதுகை இன்றிலிருந்தே பலப்படுத்துங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை வேலைக்கு முன்பே முடியுங்கள். ஊசி குத்திவிட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவி, அன்றே டாக்டரைப் பாருங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டக் கூடாது.

பயிற்சிக்குப் பொம்மை வேண்டுமென்றில்லை. வீட்டில் இருப்பவர்களின் மூச்சை, அவர்களுக்குத் தெரியாமல், முழு நிமிடம் எண்ணுங்கள். அப்பா, பாட்டி, தம்பி மகன் என்று வெவ்வேறு வயதினருக்கு மணிக்கட்டிலும் கழுத்திலும் பல்ஸ் பிடியுங்கள். இயல்பான ஆளை இருநூறு தடவை தொட்டுப் பார்த்த விரலுக்குத்தான் இயல்பில்லாதது உடனே தட்டுப்படும்.